ஆமையின் தோளைத் தேடி

நம் விலங்கியல் லேபிலே கண்ணாடி அலமாரிக்குள் ஓர் ஆமை எலும்புக்கூடு இருந்ததே, நினைவிருக்கிறதா? ஓட்டை அறுத்து, கீல் வைத்து, பெட்டி மாதிரி திறக்கும்படி செய்திருந்தார்கள்.

"சார், நமக்கெல்லாம் தோள்பட்டை விலாவுக்கு வெளியே இருக்கு. இதுக்கு மட்டும் உள்ளே. அப்புறம் எப்படி சார் காலை வீசி நடக்குது?" என்று எங்கள் செட்டில் ஒருவன் கேட்டான். பேராசிரியர் சிரித்தார். "ஓட்டைத் திறந்தா நடக்காது. நடக்கிறதைத் திறக்க முடியாது. போய் ரெகார்டை எழுதுப்பா!"

அவர் சொன்னது உண்மைதான். ஆமையோடு மேலே போட்ட சட்டையல்ல; விலாவும் முதுகெலும்பும் அகன்று ஒன்றாய்ச் சேர்ந்த கூண்டு. தோளெலும்பு அதற்குள்ளே தூண் போல நிற்கிறது. ஐந்தையும் உள்ளிழுக்கும் ஆமையை வள்ளுவர் அடக்கத்துக்கு உவமையாக்கினார். உள்ளே நடப்பதைப் பார்க்க விஞ்ஞானத்துக்கு வெகுகாலம் பிடித்தது.

1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். மறு வருஷமே வியன்னாவில் ஏடர், வாலென்டா என்ற இருவர் தவளை, பச்சோந்தி, மீன் என்று படமெடுத்து வெளியிட்டுவிட்டார்கள். ஆமை விஷயத்தில்தான் ஒரு சங்கடம். ஓடும் எலும்பு, காலும் எலும்பு. ஒரே பிலிமில் ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழுந்துவிடும்.

இதை அவிழ்த்தது சி.டி. ஸ்கேன். 1971 அக்டோபரில் லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், ஹவுன்ஸ்ஃபீல்டு செய்த மெஷினில் முதல் நோயாளியின் மூளை படமானது. சுற்றிச் சுற்றி எடுத்த அளவுகளைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, ரொட்டித் துண்டு மாதிரி குறுக்குவெட்டாகக் காட்டும். மனிதனுக்கென்று வந்ததில் பின்னாளில் ஆமையும் படுத்தது. ரம்பம் இல்லாமலே காலெலும்பின் நீளமும் வளைவும் தடிமனும் கிடைத்தன.

ஆனால் ஸ்கேனில் ஆமை அசையாமல் கிடக்க வேண்டும். நண்பன் கேட்டதோ நடையைப் பற்றி!

அதற்கு விடை 2016-இல் வந்தது. ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகத்தார் ஹெர்மன் ஆமையை நடக்கவிட்டு, இரண்டு திசையிலிருந்து ஒரே நேரத்தில் எக்ஸ்ரே சினிமா எடுத்தார்கள். ஓட்டுக்குள்ளே தோளே திரும்புகிறது! மேற்கை எலும்பு கிடைமட்டமாக வீசும் வளைவில் 30 சதவீதத்துக்கு மேல் அந்தத் திருப்பத்தால் வருகிறது. அடியின் நீளத்தில் சுழற்சியால் கிடைக்கும் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டால், அதில் ஏறக்குறைய 40 சதவீதம் தோளுடையது. அசையாத பெட்டிக்குள் இத்தனை ஆட்டம் என்று யார் நினைத்தோம்? நடக்கும் ஆமையின் ஓட்டைத் திறக்காமலே இது தெரியவந்தது என்பதுதான் எனக்குப் பெரிசு. நம் அலமாரி ஆமைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

பேராசிரியர் இன்று இல்லை. கேள்வி கேட்டவன் இந்தச் சந்திப்புக்கு வருகிறேன் என்று போன் பண்ணினான். கீல் துருப்பிடிக்காமல் இருந்தால், அந்த ஓட்டைத் திறந்து தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அவனுக்குக் காட்டுவதாக இருக்கிறேன்.