எலைட் டேஞ்சரஸ்: எந்த வளையக் கோள்களைப் பார்க்கலாம்?

'எலைட் டேஞ்சரஸ்' கேமில் வளையக் கோள்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனா முதல்ல பார்க்க வேண்டியவை நம்ம சூரியக் குடும்பத்திலேயே இருக்கின்றன.

எப்படிப் போவது?
'சோல்' தொகுதிக்குள் நுழைய பெர்மிட் தேவை. ஃபெடரேஷனுக்கு வேலை செய்து 'பெட்டி ஆபீசர்' ரேங்க் எட்டினால் கிடைக்கும்.

சனி
பிரதான வளையங்களின் விட்டம் சுமார் 2.8 லட்சம் கி.மீ.; தடிமனோ பல இடங்களில் 10 மீட்டர்தான். பக்கவாட்டில் வந்தால் வெறும் கோடு. மேலிருந்து இறங்குங்கள்.

யுரேனஸ்
98 டிகிரி சாய்ந்த கோள் என்பதால் வளையங்கள் செங்குத்தாக நிற்கும். இதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, வாணியம்பாடி அருகே காவலூரில் ஜே.சி.பட்டாச்சார்யாவும் கே.குப்புசாமியும் அதைக் கண்காணித்தார்கள். நட்சத்திர ஒளி சில நொடிகள் மங்கியது. புதிய துணைக்கோள் என்று முதலில் நினைத்தார்கள், அது வளையம். விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்கக் குழுவுக்கே கண்டுபிடிப்பின் பெருமை போனது.

நிஜத்தில் பார்க்கலாமா?
சின்ன டெலஸ்கோப் போதும், பெஹாலா மொட்டைமாடியிலிருந்தே சனியின் வளையம் தெரியும். யுரேனஸின் வளையம் தெரியாது. அதுக்கு கேம்தான் வழி.