முத்துக்குளித்துறையின் பள்ளிக்கூடங்களும் நம் பெண்பிள்ளைகளும்



நம் ஊரின் கத்தோலிக்கப் பள்ளிகளில் படித்தவர்கள் நம் சபையிலும் பலர் உண்டு. காலையில் மணி அடித்ததும் சீருடையோடு விரையும் பிள்ளைகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். அந்த மணியோசை இக்கரையில் எப்போது தொடங்கிற்று என்பதை இந்த வாரம் சற்றே தியானிப்போம்.

1542-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பரதவ மக்கள் திருமுழுக்குப் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆனால் அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பார் எவரும் இல்லை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களின் துணையோடு விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் ஜெபங்களையும் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்தார். பின்பு கையில் மணியோடு தெருவில் நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். நாளுக்கு இருமுறை பாடம் நடந்தது. கற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. கட்டடமும் பலகையும் இல்லாத பள்ளிக்கூடம் அது. மாணவரே ஆசிரியருமாயினர்.

அவர் சென்ற பிறகும் பாடம் தொடர ஊர்தோறும் உபதேசிகள் தேவைப்பட்டனர். அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இக்கரையிலிருந்து ஒரு வரிப்பணம் போய்க்கொண்டிருந்தது. அதை இப்பிள்ளைகளின் கல்விக்கே விட்டுத்தர வேண்டும் என்று சவேரியார் அரசியிடம் கேட்டுப் பெற்றார். ஏழை மூச்சடக்கி எடுத்த முத்தின் பணம் ஏழையின் பிள்ளைக்கே திரும்பி வந்தது.

அவர் தந்த ஒழுங்குகளில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பெண்கள் சனிக்கிழமையும் ஆண்கள் ஞாயிற்றுக்கிழமையும் ஆலயத்தில் கூடிக் கற்க வேண்டும் என்பது அது. நாள்தான் வேறு, பாடம் வேறல்ல. பெண்ணுக்கு இது வேண்டாம் என்று எந்தப் பகுதியும் விலக்கப்படவில்லை.

சவேரியாருக்குப் பின் வந்த அன்றீக் அன்றீக்கஸ் அடிகளார் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இக்கரை மக்களோடு வாழ்ந்தார். தமிழை இலக்கணத்தோடு கற்றார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. பதினாறே பக்கங்கள் கொண்ட அந்நூலே தமிழ் எழுத்தில் அச்சான நூல்களுள் இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழையது. அச்சுச் செலவுக்குப் பரதவ மக்கள் நன்கொடை தந்தார்கள். தமிழ் அச்சின் வரலாறு முத்துக்குளிப்போரின் காணிக்கையில் தொடங்குகிறது என்றால் அது மிகையன்று. 1600-இல் அடிகளார் புன்னைக்காயலில் மரித்தார்.

அதன்பின் நெடிய இடைவெளி. 1658-இல் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமாயிற்று. 1773-இல் இயேசு சபையே கலைக்கப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டில் அச்சபையார் மீண்டும் தமிழகம் வந்தபோது உயர்நிலைக் கல்வியில் கருத்தைச் செலுத்தினர். தூத்துக்குடியில் புனித சவேரியார் பள்ளி 1884-இல் எழுந்தது. 1923-இல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமாகி, இம்மண்ணின் மைந்தர் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயரானார். 1948-இல் பெண்களுக்கென்று தூய மரியன்னை கல்லூரி தோன்றியது.

ஆயினும் ஒரு சிக்கல் நீடித்தது. தொடக்கப் பள்ளியில் சிறுவரும் சிறுமியரும் ஒன்றாய் அமர்வது பல ஊர்களில் இயல்பாய் இருந்தது. உயர்நிலைக்கு வந்ததும் வழி பிரிந்தது. நகரத்தில் இரண்டு பள்ளிகள் நடத்தலாம். சிறிய கடலோர ஊரில் இரண்டு உயர்நிலைப் பள்ளிகளைத் தாங்குவது எப்படி? இருக்கும் ஒன்று ஆண்களுக்கென்றால், மகளின் படிப்பு அங்கேயே முடியும். அடுத்த ஊருக்குப் பேருந்தில் அனுப்பத் தாய் தகப்பன்மார் அஞ்சினர். ஆகவே இருபாலரும் பயிலும் உயர்நிலைப் பள்ளி என்பது நாகரிகத்தின் அடையாளமாக மட்டும் வந்ததன்று. சிற்றூர்ப் பெண்பிள்ளைக்குத் திறந்த ஒரே கதவாகப் பல இடங்களில் அது இருந்தது.

இதை எழுதும்போது என் மனச்சாட்சி என்னைக் குத்துகிறது. பல ஆண்டுகளுக்கு முன், நான் ஊழியம் செய்த ஒரு சபையில், உப்பளத்தில் வேலை செய்த ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். மகனின் மேற்படிப்புக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். “மகள் என்ன செய்கிறாள்?” என்று கேட்டேன். “பத்தாவதோடு நிறுத்திவிட்டோம், ஐயா. வீட்டில் ஆள் வேண்டுமே” என்றார். நான் ஜெபம் செய்து அவரை அனுப்பிவைத்தேன். அந்தப் பிள்ளை ஞாயிறு பள்ளியில் வேத வசனப் போட்டியில் தன் அண்ணனைவிட நன்றாய் ஒப்புவித்தவள். அவளுக்காக ஒரு வார்த்தை பேச எனக்குத் தோன்றவில்லை.

பெத்தானியாவில் மரியாள் ஆண்டவருடைய பாதத்தருகே அமர்ந்து கேட்டாள். அது சீஷன் அமரும் இடம். வீட்டில் வேலை கிடக்கிறதே என்ற முறையீடு அன்றும் எழுந்தது. ஆண்டவர் அவளை எழுந்துபோகச் சொல்லவில்லை. அவள் தெரிந்துகொண்ட பங்கு அவளிடமிருந்து எடுக்கப்படாது என்றே உரைத்தார். அன்று நான் அந்தத் தகப்பனாரிடம் சொல்லியிருக்க வேண்டியதும் அதுவே.

முத்துக்குளிப்பில் ஒரு வழக்கம் உண்டென்று நம் கடற்கரைப் பெரியவர்கள் சொல்வார்கள். கடலில் இறங்குகிறவரின் கயிற்றை மேலே பிடித்திருப்பவர் அவருடைய மைத்துனராம். தன் சகோதரியின் வாழ்வு அந்தக் கயிற்றில் இருப்பதால் அவர் கண்ணயரமாட்டார் என்பது நம்பிக்கை. 1961-க்குப் பின் இங்கே முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. படகுகள் போய்விட்டன, கயிறு பிடிக்கும் கடமை நம்மை விட்டுப் போகவில்லை.

தேர்வு முடிவுகள் வரும் நாட்களில், நம் சபையில் பத்தாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் மேலே படிக்கப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டறிவோம். கட்டணம் தடையென்றால் காணிக்கையில் வழி காண்போம். அச்சம் தடையென்றால் உடன் நடந்து செல்வோம். இம்முறை நான் வாய் திறவாமல் ஜெபம் மட்டும் செய்து அனுப்பமாட்டேன்.

விலையுயர்ந்த முத்தைத் தேடிய வியாபாரியை நமக்குக் காட்டிய கர்த்தர், நம் வீடுகளில் இருக்கும் முத்துகளை அறியும் கண்களை நமக்குத் தருவாராக. ஆமென்.