ஆறாத புண்ணா, அடங்காத வளர்ச்சியா? சொரியாசிஸும் வளர்ச்சிக் காரணிக் களிம்புகளும்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் களைந்தே போவர். முதுகிலும் முழங்கையிலும் வெள்ளிச் செதில் படர்ந்தவருக்கு, வைத்தியர் 'மிதமானது' என்று எழுதிக்கொடுத்த நோயும் அங்கே மிதமாக இருப்பதில்லை. ஸ்டீரொயிட் களிம்புக்கு மாற்று என்ற பேச்சு யாழ்ப்பாணத்தில் எளிதில் எடுபடுவதற்கு இது ஒரு காரணம். வளர்ச்சிக் காரணி கலந்த களிம்புகளுக்கான வாதத்தைச் சற்று இறுக்கிப் பார்க்கவேண்டியிருப்பதும் அதனால்தான்.

அவ்வாதம் காயத்திலிருந்து தொடங்குகிறது. நீரிழிவுக் கால்புண்ணுக்கென 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெக்காப்ளர்மின் ஒரு வளர்ச்சிக் காரணியே. புண்ணை ஆற்றுவது செதிலையும் ஆற்றும் என்பது முடிவு.

இதற்கு முட்டுக்கொடுக்க அழைக்கப்படும் சான்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எல்டர் குழுவினர் 1989இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு. சொரியாசிஸ் மேற்றோலில் ரீ.ஜி.எஃப். அல்பா என்னும் வளர்ச்சிக் காரணி மிகுந்திருப்பதை அது காட்டியது. உடல் தன்னைத்தானே ஆற்ற முயல்கிறது, நாமும் கைகொடுப்போம் என்று அவ்வாதம் அதை வாசிக்கிறது. ஆனால் அதே தரவு மறுபுறமும் பேசுகிறது. அந்தக் காரணி பற்றிக்கொள்வது மேற்றோல் வளர்ச்சிக் காரணியான ஈ.ஜி.எஃப். பற்றும் அதே ஏற்பியைத்தான். ஏறத்தாழ ஒரு மாதத்தில் மேலெழும் தோற்கலம் இந்நோயில் சில நாட்களிலேயே மேலெழுந்துவிடுகிறது. குறைபாடு இருப்பதாகச் சொல்லப்படும் இடத்தில் தெரிவது மிகுதி.

மிகுதி காரணமா, விளைவா? 1989 ஆய்வு மட்டும் இதைத் தீர்க்காது. 1997இல் குக் குழுவினர் அதே ஏற்பியைத் தூண்டும் அம்ஃபிரெகுலினை எலிகளின் மேற்றோலது அடி அடுக்கில் மிகுவித்தனர். தோல் தடித்தது, செதில் உதிர்ந்தது, அழற்சிக் கலங்களும் வந்து சேர்ந்தன. முன்னதாக ரீ.ஜி.எஃப். அல்பாவை மிகுவித்த எலிகளில் தோல் தடித்தாலும் நோய் முழுவடிவம் பெறவில்லை. எலித்தோல் மனிதத்தோல் அல்ல என்பதும் சரி. ஆயினும் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் ஐயமில்லை. பயன் உறுதியான பூச்சுக்களான பீற்றாமெதசோன், கல்சிப்போட்ரியோல், டித்ரனோல் மூன்றும் கலப் பெருக்கத்தை அடக்குபவை.

எல்லா வளர்ச்சிக் காரணிகளும் பெருக்குபவையல்ல, ரீ.ஜி.எஃப். பீட்டா கட்டுப்படுத்தும் என்பர். அதையே எலித்தோலில் மிகுவித்த 2004ஆம் ஆண்டு ஆய்வில் சொரியாசிஸ் போன்ற கடும் அழற்சியே விளைந்தது. மூலக்கூறு பெரிது, தோலுக்குள் புகாது, தீங்குமில்லை என்போரும் உண்டு. புகாதென்றால் பயனும் இல்லை.

பூசியவர்களுக்குச் செதில் குறைந்ததே என்ற வாதத்தைச் சோதிக்கவும் வழி உண்டு. எண்ணெய்ப்பசையுள்ள எந்த அடிக்களிம்பும் செதிலை ஓரளவு இளக்கும். ஆகவே தாய்வானில் நீலச்சாயக் களிம்பை 42 பேரிடம் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டவர்கள், அதே நோயாளியின் வேறொரு படையில் வெறும் அடிக்களிம்பைப் பூசினர். யாழ். போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்கிலும் இதைச் செய்யலாம்: ஒரு முழங்கையில் காரணி கலந்தது, மறு முழங்கையில் கலவாதது, எது எதுவென்று அளவிடுபவர் அறியாதபடி. அந்த ஒப்பீடு வரும்வரை, பீற்றாமெதசோனை நிறுத்திவிட்டு இதைப் பூசச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை.