எதிரியின் கண்ணில் நம் முதுகு

கையில் ஆயுதம் இருந்தும் பயம் போகாத ஒரு வீடியோ கேம் தெரியுமா?

1999-இல் 'சைலன்ட் ஹில்' இயக்கிய கெய்ச்சிரோ டொயாமா, 2003-இல் பிளேஸ்டேஷன் 2-க்குக் கொடுத்தது 'சைரன்'. ஜப்பானிய மலைக்கிராமம். எதிரிகள் 'ஷிபிதோ'. அடிச்சா விழும், கொஞ்ச நேரத்துல எழுந்துரும். அதனால ஒளிஞ்சுதான் போகணும்.

புதுமை என்னன்னா, எதிரியின் கண் வழியா நீங்க பார்க்கலாம். எப்போ திரும்புறான்னு கவனிச்சு நகரலாம். திடீர்னு அவன் பார்வையில உங்க முதுகு தெரியும்! அட்ரீனலின் எகிறும்.

எதிர்த்து நில், இல்லன்னா ஓடு. ஆபத்தில் உடம்பு சொல்றது இதைத்தான். இந்த கேம் மூச்சைப் பிடிச்சு நிக்கச் சொல்லுது. அவன் கடந்து போனதும் வர்ற பெருமூச்சுதாங்க சுகமே!

2006-இல் வந்த 'சைரன் 2'-ல பார்வையிழந்த எழுத்தாளர் ஒருவர், தன் வழிகாட்டி நாயின் கண்ணால் பார்ப்பார். பயமுறுத்திய அதே உத்தி, அங்கே துணையாச்சு.