நசுங்காத கார், உடைஞ்ச விலா

இன்னைக்கு ஒரு டொக்குல இருந்து வரலாற்றைத் தொடங்கலாம்.

80-கள்ல எங்க தாத்தாவோட பழைய கார் திண்டிவனம் பக்கம் ஒரு புளியமரத்துல மோதிச்சு. பம்பர் வளைஞ்சது, மட்கார்டுல பெரிய டொக்கு, ஒரு ஹெட்லைட் காலி. காருக்கு அவ்வளவுதான். தாத்தாவுக்கு ஸ்டீயரிங் நெஞ்சுல இடிச்சு மூணு விலா எலும்பு உடைஞ்சது. கார் ஒரு வாரத்துல ரெடி. தாத்தா சரியாக ரெண்டு மாசம். ஆனா வீட்ல இன்னைக்கும் சொல்றது, "அந்தக் கால இரும்புடா, அசையல!"

அப்பா அந்த டிங்கரிங் வேலையைப் பக்கத்துல இருந்து பார்த்தவர். தகட்டுக்கு உள்பக்கம் டாலி என்ற இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, வெளியே சுத்தியால் சின்னச் சின்னதாகத் தட்டுவார்களாம். அடி வாங்கிய தகடு நீண்டுவிடும். அந்த இடத்தைச் சிவக்கக் காய்ச்சி ஈரத்துணி வைத்தால் சுருங்கும். மிச்ச மேடு பள்ளத்துக்குப் பட்டி, அப்புறம் தேய்ப்பு, பிரைமர், பெயிண்ட். தகடு கனமா இருந்ததால இதெல்லாம் தாங்குச்சு.

கெட்டியான கார்தான் பாதுகாப்பான கார்னு எங்க வீடு மட்டும் இல்ல, உலகமே ரொம்ப நாள் நம்புச்சு. அதைத் தலைகீழாக்கியவர் மெர்சிடிஸ் பென்ஸ் பொறியாளர் பெலா பாரெனி. ஆட்கள் உட்காரும் கூடு கெட்டியாக இருக்கட்டும், முன்னும் பின்னும் நசுங்கட்டும் என்றார். 1951-ல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1959-ல் மெர்சிடிஸின் டபிள்யூ 111 கார்கள் அந்த வடிவமைப்போடு சந்தைக்கு வந்தன.

காரணம் சிம்பிள். மோதலோட சக்தி எங்கேயாவது போயே ஆகணும். முன்பக்கம் மடிஞ்சா, மடியறதுல கொஞ்சம் செலவாகும். கார் நிற்கவும் கூடுதல் நேரம் கிடைக்கும். முன்பக்கம் மடியலைன்னா, மிச்சத்தை உள்ளே இருக்கற உடம்புதான் வாங்கணும். தாத்தாவுக்கு நடந்தது அதுதான்.

அதனால, புது கார் லேசா இடிச்சதும் "தகர டப்பா"ன்னு திட்டாதீங்க. அது நசுங்கறதே அதோட வேலை. ஆனா ரிப்பேர்ல ஒண்ணு கவனிங்க. மேல் தகட்டுல டொக்குன்னா தட்டி எடுக்கலாம். உள்ளே மடியறதுக்குன்னே வெச்ச சட்டம் மடிஞ்சிருந்தா, தட்டி நிமிர்த்தி பெயிண்ட் அடிச்சா பார்க்க நல்லாத்தான் இருக்கும். அடுத்த மோதல்ல அது சரியா மடியும்னு நம்ப முடியாது. மாத்தறதுதான் சரி. ஒர்க்‌ஷாப்ல இந்தக் கேள்வியைக் கேட்டுட்டு அப்புறம் பில்லைப் பேசுங்க.

தாத்தா கார் இன்னும் எங்ககிட்ட இருக்கு. சாய்ஞ்ச வெயில்ல பார்த்தா பட்டி போட்ட இடம் லேசா நெளியும். சீட் பெல்ட் மாட்டியிருக்கோம், ஞாயித்துக்கிழமை மட்டும், மெதுவா ஓட்டறோம். யாராவது "அந்தக் கால இரும்பு"ன்னு பாராட்டினா, நான் தாத்தாவோட விலா கதையையும் சேர்த்துச் சொல்லிடறேன்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.