மூன்று அம்புகளின் நகரம்

ஓர் அம்பை எவரும் ஒடித்துவிடலாம்; மூன்றைச் சேர்த்துப் பிடித்தால் ஒடிப்பது அரிது. பதினாறாம் நூற்றாண்டில் ஜப்பானின் மேற்குப் பகுதியை ஆண்ட மோரி மொத்தோனாரி என்னும் தலைவர், மரணப் படுக்கையில் தம் மைந்தர் மூவரையும் அருகழைத்து இவ்வுண்மையை உணர்த்தினார் என்பது அந்நாட்டுப் பிள்ளைகள் அறிந்த கதை. விறகுக் கட்டைக் கொண்டு இதே பாடத்தைப் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இது புதிதன்று. ஆயின் வரலாறு இக்கதைக்கு இடங்கொடுக்கவில்லை. மொத்தோனாரி இறந்தது 1571-இல். அவருடைய மூத்த மகன் தக்காமோத்தோ 1563-இலேயே மறைந்துவிட்டார். இறந்த மகனை எவ்வாறு அருகழைப்பது? உண்மையில் எஞ்சி நிற்பது 1557-இல் அத்தந்தை எழுதிய 14 பகுதிகள் கொண்ட மடல் ஒன்றே. மூவரும் பிரியாதிருக்க வேண்டும் என்று அம்மடல் மன்றாடுகிறது. அம்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

மடலை விட்டுக் கதையைப் பற்றிக்கொண்டது ஹிரோஷிமா நகரம். 1992-இல் அந்நகரின் காற்பந்துக் கழகம் 'சான்பிரெச்சே ஹிரோஷிமா' என்னும் புதுப் பெயரை ஏற்றது. 'சான்' என்பது ஜப்பானிய மொழியில் மூன்று. 'பிரெச்சே' என்பது இத்தாலிய மொழியில் அம்புகள். இருவேறு மொழிகளை இவ்வாறு ஒட்டவைத்தது இலக்கண ஆசிரியர்களுக்கு உவப்பாய் இராது. எனினும் அந்தப் பெயர் மாற்றத்தினுள் பெரியதொரு வினா அடங்கியிருந்தது. ஒரு தொழிற்சாலை தன் தொழிலாளர்களைக் கொண்டு நடத்திவந்த குழு, பெயரை மாற்றியதனால் மட்டும் ஊரின் குழு ஆகிவிடுமா? இதற்கு விடை கிடைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஹிரோஷிமாவில் காற்பந்து வேர்விட்ட கதை சுவையானது. முதல் உலகப் போரின் தொடக்கத்தில், சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தில் ஜெர்மானியப் படையினர் ஜப்பானியரிடம் சிறைப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினர் 1917 முதல் ஹிரோஷிமாவின் எதிரே கடலிலுள்ள நினோஷிமா தீவில் அடைக்கப்பட்டனர். 1919 ஜனவரியில் அக்கைதிகள் நகருக்கு அழைத்துவரப்பட்டு, ஹிரோஷிமா உயர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் திடலில் மாணவர்களோடு ஆடினர். ஓர் ஆட்டத்தில் ஐந்து கோல், மற்றோர் ஆட்டத்தில் ஆறு கோல் என வாங்கிக்கொண்ட மாணவர்களால் திருப்பி ஒரு கோலும் அடிக்க இயலவில்லை. தோற்ற மாணவர்கள் நாணி ஒதுங்கவில்லை. படகேறித் தீவுக்குச் சென்று வென்றவர்களிடமே ஆட்டத்தைக் கற்றனர். அப்பள்ளி ஆசிரியர்களை உருவாக்கிய பள்ளி. ஆகவே அங்குக் கற்றது அங்கேயே நின்றுவிடவில்லை. பணியமர்ந்த பள்ளிகளுக்கெல்லாம் அவர்களோடு காற்பந்தும் சென்றது. பிற்காலத்தில் சைத்தாமா, ஷிசுவோக்கா, ஹிரோஷிமா ஆகிய மூன்றையும் ஜப்பானியக் காற்பந்தின் தாய்வீடுகள் என மக்கள் சொல்லும் நிலை வந்ததில் இவ்வாசிரியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

பள்ளிகளில் வளர்ந்த ஆட்டத்தைத் தொழிற்சாலை தத்தெடுத்தது. மூன்று சக்கரச் சரக்கு வண்டிகளால் பெயர் பெற்றிருந்த தோயோ கோக்யோ நிறுவனம், 1938-இல் தன் பணியாளர்க்கெனக் காற்பந்துக் குழு ஒன்றை அமைத்தது. இன்று உலகம் மஸ்தா என்று அறிவது இந்நிறுவனத்தையே. 1945 ஆகஸ்ட் 6-ஆம் நாள் காலை 8.15 மணிக்கு அணுகுண்டு வீழ்ந்தபோது, நகரின் கிழக்கே இருந்த இதன் தொழிற்சாலை ஹிஜியாமா என்னும் சிறு குன்றின் மறைவினால் பேரழிவிலிருந்து தப்பியது. தலைமையகம் இழந்த மாநில அரசு சில காலம் இந்நிறுவனத்தின் கட்டடத்திலிருந்தே இயங்கியது. முன்னர்க் காற்பந்து கற்பித்த நினோஷிமா தீவோ, தீக்காயங்களோடு படகுகளில் கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கானோரை ஏற்றுக்கொண்டது. அவர்களுள் பலர் திரும்பவில்லை.

ஹிரோஷிமாவைப் பற்றி எழுதுவோர் அந்நகரின் ஒவ்வொரு வெற்றியையும் குண்டின் சாம்பலிலிருந்து எழுந்த அற்புதமாகக் காட்ட விழைவர். அது முழு உண்மையன்று. அங்குக் காற்பந்து குண்டுக்கு முன்னரே வேரூன்றியிருந்தது. ஆயினும் அந்நாளின் தழும்பு சிலர் உடலிலேயே இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. நான்கு வயதில் குண்டின் தீயால் காலில் காயமுற்ற இமாநிஷி கசுவோ, பின்னாளில் தோயோ கோக்யோவின் ஆட்டக்காரராகவும், இக்கழகத்தை வடிவமைத்த முதன்மைச் சிற்பியாகவும் விளங்கினார்.

1965-இல் ஜப்பானின் முதல் தேசியக் காற்பந்து லீக் எட்டுக் குழுக்களோடு தொடங்கியது. எட்டும் நிறுவனங்களின் குழுக்களே. ஆட்டக்காரர்கள் பகலில் பணியாற்றி, அதன் பின்னரே பயிற்சிக்குச் சென்றனர். அந்த லீக்கில் 1965 முதல் 1968 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து தோயோ கோக்யோவே வாகை சூடியது. முதலாண்டில் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. 1970-இல் ஐந்தாம் வெற்றி. நாட்டின் பழம்பெரும் போட்டியான பேரரசர் கிண்ணத்தையும் 1965, 1967, 1969 ஆகிய ஆண்டுகளில் வென்றது. 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்ற ஜப்பானிய அணியில் ஓகி அரித்தாத்சு முதலிய இக்குழுவினர் இடம்பெற்றனர். அந்த அணியின் பயிற்றுநர் நகானுமா கென் ஹிரோஷிமாவில் பிறந்தவர், அணுகுண்டுக்குத் தப்பியவர்.

நிறுவனத்தை நம்பிய குழு நிறுவனத்தோடு தாழ்வதும் இயல்பே. 1973-இன் எண்ணெய் நெருக்கடி தோயோ கோக்யோவைக் கடுமையாகத் தாக்கியது. குழுவின் ஒளியும் மங்கியது. 1983-இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அப்போது மஸ்தா என்ற பெயரில் ஆடிய அதைச் சீர்செய்யும் பொறுப்பை இமாநிஷி ஏற்று, ஹான்ஸ் ஊஃப்ட் என்னும் டச்சுப் பயிற்றுநரை வரவழைத்தார். இதே ஊஃப்ட் பின்னர் ஜப்பான் அணிக்குப் பயிற்றுநராகி, 1992-இல் ஹிரோஷிமாவிலேயே நடந்த ஆசியக் கிண்ணத்தை வென்று தந்தார். இறுதி ஆட்டத்தின் ஒரே கோலை அடித்த தக்காகி தக்குயா ஹிரோஷிமாக் கழகத்தவர் என்பது ஊராருக்கு இரட்டை மகிழ்ச்சி.

அவ்வேளையில் ஜே-லீக் என்னும் தொழில்முறைப் போட்டி உருவாகிக்கொண்டிருந்தது. குழுக்கள் நிறுவனப் பெயரைக் களைந்து, ஊரின் பெயரைத் தாங்க வேண்டும் என்பது அதன் விதி. செலவைத் தனித்துச் சுமக்க மஸ்தா தயங்கியது. மாநில அரசும் நகராட்சியும் உள்ளூர் நிறுவனங்களும் பங்குதாரர்களாக முன்வந்ததால் கழகம் பிழைத்து, தொடக்கத்தில் சேர்ந்த பத்துக் கழகங்களுள் ஒன்றாயிற்று. ஊர் கூடித் தேர் இழுக்கும் முயற்சிதான். ஆனால் வடம் பிடித்தவர்கள் அலுவலகங்களில் இருந்தோரே தவிர, ஊர்மக்கள் அல்லர். ஊர்மக்களின் நெஞ்சம் ஹிரோஷிமா கார்ப் என்னும் பேஸ்பால் குழுவிடம் இருந்தது. போருக்குப் பின் பணமின்றித் தவித்த அக்குழுவுக்காக, அரங்க வாயிலில் வைத்த மரப்பீப்பாயில் ஏழை மக்கள் காசு இட்டனர். அத்தகைய உறவு காற்பந்துக்கு அப்போது வாய்க்கவில்லை.

1994-இல் முதற்பாதித் தொடரை வென்ற சான்பிரெச்சே, சில ஆண்டுகளிலேயே கடனில் ஆழ்ந்தது. உள்ளூர் மின்பொருள் வணிகரான குபோ மசதாக்கா 1998-இல் கழகத் தலைமையை ஏற்றார். விலை கொடுத்துப் புகழாளரை வாங்க வசதியற்ற கழகம் பிள்ளைகளை வளர்க்கத் தொடங்கியது. மொத்தோனாரியின் கோட்டை நின்ற யோஷிதா என்னும் மலையூரில் இளையோர்க்கு விடுதி அமைத்து, அவ்வூர் உயர்நிலைப் பள்ளியிலேயே அவர்களைப் படிக்கவும் வைத்தது. ஆட்டக்காரன் ஆகுமுன் நல்ல குடிமகன் ஆக வேண்டும் என்பது இமாநிஷியின் கொள்கை. அவ்விளையோர் அணியில் வளர்ந்தோருள் ஹிரோஷிமாவின் இரட்டைச் சகோதரர்களான மொரிசாக்கி கசுயுக்கி, மொரிசாக்கி கோஜி குறிப்பிடத்தக்கவர்கள். கழகம் 2002-இலும் 2007-இலும் இரண்டாம் பிரிவுக்கு வீழ்ந்தது. இருமுறையும் மறு ஆண்டே மீண்டது. 2007-இல் வீழ்ந்தபோது, புகழின் உச்சியில் இருந்த சாத்தோ ஹிசாத்தோ வேறு கழகத்துக்குச் செல்லாமல் உடன் நின்றார். ஊர்மக்கள் காற்பந்துக் கழகத்தைத் தம்முடையதாகக் கருதத் தொடங்கியது அந்த ஆண்டில்தான் எனலாம். வெற்றி செய்யாததைத் தோல்வி செய்தது.

2012-இல் குவிந்திருந்த நட்டத்தை ஈடுகட்டக் கழகம் தன் பங்கு மூலதனத்தைப் பெருமளவு வெட்டியது. அதே ஆண்டில் முதன்முறையாக ஜே-லீக் வாகையும் சூடியது! 22 கோல்களோடு சாத்தோ அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். பயிற்றுநர் மொரியாசு ஹாஜிமே, நாகசாகியில் வளர்ந்து, 1987-இல் மஸ்தாவில் சேர்ந்து, இமாநிஷியின் கண்பார்வையில் உருவானவர். அவர் தலைமையில் 2013-இலும் 2015-இலும் மீண்டும் வெற்றி கிட்டியது. பேரரசர் கிண்ணம் மட்டும் கைக்கு எட்டவில்லை. ஜே-லீக் காலத்தில் 2022 வரை ஆறு முறை இறுதி ஆட்டத்துக்கு வந்து, ஆறு முறையும் தோற்றது.

வெற்றிகள் குவிந்தும் ஒரு குறை நீடித்தது. கழகத்தின் அரங்கம் நகருக்குள் இல்லை. 1994 ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கென மலைப்புறத்தில் எழுப்பிய 50,000 இருக்கைப் பேரரங்கில், ஓடுதடத்துக்கு அப்பால் இருந்தே மக்கள் ஆட்டத்தைப் பார்க்க நேர்ந்தது. முதல் வாகைக்குப் பின் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நகருள் அரங்கம் வேண்டிக் கையொப்பமிட்டனர். இடம் எது என்ற பூசல் ஆண்டுக்கணக்கில் நடந்தது. துறைமுகப் பகுதியா, பேஸ்பால் அரங்கம் நின்ற இடமா என அரசும் கழகமும் எதிரெதிரே நின்றன. 2019-இல்தான் கோட்டைக்கு மேற்கேயுள்ள மத்தியப் பூங்கா முடிவாயிற்று. செலவில் ஒரு பகுதியை நிறுவனங்களும் தனி மனிதர்களும் நன்கொடையாக அளித்தனர். மரப்பீப்பாய் ஒருவாறு காற்பந்துக்கும் வந்து சேர்ந்தது.

அந்நிலம் வெற்று நிலமன்று. மேய்ஜி காலம் முதல் அது படையினரின் நிலம். அடித்தளம் தோண்டியபோது படையின் போக்குவரத்துப் பிரிவு இருந்த கட்டடங்களின் எச்சங்கள் வெளிப்பட்டன. அவற்றைக் காப்பதா அகற்றுவதா என்று விவாதம் எழுந்து, ஒரு பகுதி மட்டும் வெட்டியெடுத்துப் பாதுகாக்கப்பட்டது. ஹிரோஷிமாக் கோட்டை வளாகமே ஐந்தாம் டிவிஷனின் தலைமையிடம். 1941 டிசம்பரில் தாய்லாந்துக் கரையில் இறங்கி, ஜித்ராவை உடைத்து, மலாயாவின் நெடுகிலும் வந்து, 1942 பிப்ரவரியில் சிங்கப்பூருக்குள் புகுந்த படைகளுள் அந்த டிவிஷனும் ஒன்று. குண்டு வீழ்ந்த பின் அதே படைநிலத்தில் வீடிழந்தோர் குடிசை கட்டி நெடுங்காலம் வாழ்ந்தனர்.

2024 பிப்ரவரி 23-இல் ஏறத்தாழ 28,500 பேர் அமரக்கூடிய புதிய அரங்கில் முதல் லீக் ஆட்டம் நடந்தது. சான்பிரெச்சே, உராவா ரெட்ஸ் குழுவை 2-0 என வென்றது. ஆட்டம் முடிந்து தெற்கே நடந்தால், 1919-இல் ஜெர்மானியக் கைதிகளின் கைவினைப் பொருள்கள் காட்சிக்கு வைக்கப்பட்ட கண்காட்சி மண்டபத்தை அடையலாம். அணுகுண்டுக் குவிமாடம் என உலகம் அறிவது அதன் எலும்புக்கூட்டைத்தான். கிழக்கே பார்த்தால், மொத்தோனாரியின் பேரன் தெருமோத்தோ 1589-இல் கட்டத் தொடங்கிய கோட்டையின் கோபுரம் தெரியும். அது 1945-இல் சரிந்து, 1958-இல் மீண்டும் எழுப்பப்பட்டது.