நான்கு படங்கள் கேட்ட வாடிக்கையாளர்

மாத்தளைக்கும் குருணாகலுக்கும் வீதிகள் பிரிகின்ற கட்டுகஸ்தோட்டையில் கலியாண வீடியோ எடுப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் கமெராவைப் பற்றி அதிகம் சொல்லமாட்டார்கள். சொல்வதெல்லாம் காசைப் பற்றித்தான். பதிவு செய்யும்போது ஒரு பங்கு முற்பணம், கலியாண நாளில் இன்னொரு பங்கு, அல்பமும் இறுவட்டும் கையளிக்கும்போது மிச்சம் என்பது பொதுவான கணக்கு. இந்த மூன்றாவது பங்குதான் கைக்கு வந்து சேராது. பெரிய மாமாவின் முகம் போதிய அளவு தெரியவில்லை, நாங்கள் கேட்ட பாட்டைப் போடவில்லை, திருத்தித் தாருங்கள் என்று வாடிக்கையாளர் திரும்பி வருவார். அவர் கேட்டது ஒன்று, எடுத்தவர் கொடுத்தது வேறொன்று. இதற்கிடையில் விலை தொங்கிக்கொண்டு நிற்கும்.

படம் இவ்வூரில் பணமாகத் தொடங்கியது வீடியோவோடு அல்ல. மகாவலியில் யானைகள் குளிப்பதைப் பார்க்க வெளிநாட்டவர்கள் பல தசாப்தங்களாகக் கட்டுகஸ்தோட்டைக்கு வந்தார்கள். கமெராவைக் கண்டதும் யானையைப் படுக்க வைக்கவும், எழுப்பவும், துதிக்கையைத் தூக்கச் செய்யவும் பாகர்கள் அறிந்திருந்தார்கள்; அதற்குரிய சன்மானத்தைக் கேட்டு வாங்கவும் அறிந்திருந்தார்கள். வாடிக்கையாளர் கேட்டதைக் கேட்டபடி கொடுத்து, காசை அந்த இடத்திலேயே கையில் பெற்றுக்கொள்ளும் அந்த வியாபாரத்தில் பாக்கி என்பதே கிடையாது.

இதற்கு நேர்மாறான ஒரு கொடுக்கல் வாங்கல் இதே மலைநாட்டை வைத்து 1934ஆம் ஆண்டில் நடந்தது. உலக ஆவணப்பட வரலாற்றை எழுதுபவர்கள் தவறாமல் குறிப்பிடும் 'சோங் ஒஃப் சிலோன்' என்ற படத்தைச் சொல்கிறேன். அதன் அழகைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. அதற்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதைப் பற்றி நம்மவர்கள் எழுதியது குறைவு.

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் தேயிலை விலையை வீழ்த்தியது. தேயிலை உற்பத்தியாளர்கள் இரண்டு வழிகளில் தம்மைக் காத்துக்கொள்ள முயன்றார்கள். ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த இந்தியா, இலங்கை, ஒல்லாந்தர் வசமிருந்த கிழக்கிந்தியத் தீவுகள் ஆகிய மூன்றும் 1933இல் உடன்படிக்கை செய்துகொண்டன என்பது ஒன்று. தேநீர் குடிப்போரின் தொகையைப் பெருக்க விளம்பரம் செய்வது மற்றது. அதற்காக 1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை அமைக்கப்பட்டது. நாட்டைவிட்டு வெளியேறும் ஒவ்வொரு இறாத்தல் தேயிலையின் மீதும் அறவிடப்பட்ட செஸ் வரியே சபையின் வருமானம்.

சபையின் பணிகளுக்கு இலண்டனில் தலைமை தாங்கியவர் ஜேர்வஸ் ஹக்ஸ்லி. பேரரசுச் சந்தைப்படுத்தல் சபையின் விளம்பரப் பணியில் முன்னர் ஈடுபட்டிருந்தவர் அவர். அதே சபையில்தான் ஜோன் கிரியர்சன் தமது திரைப்படப் பிரிவை நடத்திவந்தார். ஆகவே படம் கேட்டவரும் எடுத்தவர்களும் முன்பே ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள். வீடியோ வியாபாரிகள் பொறாமைப்படத்தக்க வாடிக்கையாளர் உறவு என்று இதனைச் சொல்லலாம். 1933இல் பேரரசுச் சந்தைப்படுத்தல் சபை மூடப்பட்டபோது கிரியர்சனின் பிரிவு பிரித்தானியத் தபால் திணைக்களத்திற்கு மாற்றப்பட்டது. தேயிலைக்கான படத்தைத் தபால்காரர்கள் முடித்துக் கொடுக்க நேர்ந்த விந்தை இப்படித்தான் நிகழ்ந்தது.

பிரசாரச் சபை கேட்டது பயணக் காட்சிகளைக் கொண்ட நான்கு சிறு படங்கள். ஒவ்வொன்றும் ஒரு சுருள் நீளம். இந்தத் தீவு அழகானது, இங்கிருந்து வரும் தேயிலை நல்லது என்று பார்ப்பவர் எண்ணினால் போதும். 1934இன் தொடக்கத்தில், இருபத்தாறு வயதைக்கொண்ட பசில் ரைட், ஜோன் டெய்லரை உதவியாளராக அழைத்துக்கொண்டு இலங்கைக்கு வந்தார். சிவனொளிபாதமலைக்கு ஏறும் யாத்திரிகர்களையும், பொலன்னறுவை கல் விகாரையையும், தென்னை ஏறுபவர்களையும், கொழுந்து பறிக்கும் பெண்களையும், கண்டிய நடனக்காரர்களையும் படம் பிடித்தார்.

இலண்டனுக்குத் திரும்பிய பிறகு நான்கும் ஒன்றாயின. சுமார் நாற்பது நிமிடங்கள் ஓடும் ஒரே படம். அதற்குள் நான்கு பகுதிகள். 'புத்தர்', 'கன்னித் தீவு', 'வணிகத்தின் குரல்கள்', 'ஒரு கடவுளின் ஆடை' என்று அவற்றின் தலைப்புகளைத் தமிழில் சொல்லலாம். வாடிக்கையாளரின் எண்ணிக்கை காப்பாற்றப்பட்டது. அவர் கேட்ட பொருள் மாறிவிட்டது. தேயிலை வாங்குங்கள் என்று படம் எங்கும் சொல்வதில்லை. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்த வாசகங்களே வர்ணனையாகின. அதனை வாசித்தவர் கொழும்பின் புகைப்படக் கலைஞரும் பியானோ வித்தகருமான லயனல் வென்ட். இசை வோல்டர் லீ.

விளம்பரம் கேட்டவருக்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முந்திய கைதியின் குறிப்புகளைக் கொடுத்தால் கட்டுகஸ்தோட்டையில் மூன்றாவது பங்கு கிடைக்குமா? பிரசாரச் சபையோ படத்தை ஏற்றுக்கொண்டது. 1935இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் அது முதற்பரிசு பெற்றது. எழுத்தாளர் கிரஹாம் கிறீன் தமது விமர்சனத்தில் புகழ்ந்தார். சபை விரும்பியது தேயிலையின் பெயர்; கிடைத்தது தீவின் பெயர். ஹக்ஸ்லி இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காதவராக இருந்தது ரைட்டின் அதிர்ஷ்டம். கலைஞனின் விருப்பத்திற்கு இடம்விட்ட உயர்ந்த வாடிக்கையாளர் என்று திரைப்பட வரலாற்றாசிரியர்கள் சபையைப் பாராட்டுவதில் தவறில்லை.

ஆனால் சபையின் பணம் யாருடைய பணம்?

சட்டப்படி செஸ் வரி ஏற்றுமதியின் மீது விழுந்தது. தோட்டக் கம்பெனிகளின் கணக்கில் எழுதப்பட்டது. அதே ஆண்டுகளில் அந்தக் கணக்கின் மறுபக்கத்தில் நடந்ததையும் பார்க்க வேண்டும். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின் கீழ் 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி, உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். மந்தத்தைக் காரணம் காட்டி 1932இலும் 1933இலும் இக்கூலி குறைக்கப்பட்டது. 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியிருந்த கோ. நடேசய்யர் இந்தக் குறைப்பை எதிர்த்துக் குரல் கொடுத்தார். கூலி குறைந்த மலைகளுக்குத்தான் அடுத்த ஆண்டு ரைட்டின் கமெரா வந்தது. வரியைக் கட்டியவர் கம்பெனிக்காரர் என்றாலும், அதைத் தாங்கியவர்களுள் கூடையைச் சுமந்தவளும் ஒருத்தி என்பதே என் கணக்கு.

அவள் படத்தில் இருக்கிறாள். 'வணிகத்தின் குரல்கள்' பகுதியில் தலையிலிருந்து கயிற்றில் தொங்கும் கூடையோடு பெண்கள் கொழுந்து கிள்ளுகிறார்கள். அந்தப் பகுதியின் ஒலித்தடத்தில் சந்தை விலைகளும், வணிகக் கடிதங்களின் வாசகங்களும், கப்பல் விபரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கின்றன. இலண்டன் பேசுகிறது, மலை வேலை செய்கிறது. ரைட் இதனைத் தெரிந்தே செய்தார் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். நானும் அவ்வாறே கருதுகிறேன். தமக்குப் பணம் கொடுத்த வணிகத்தையே சற்றுத் தள்ளி நின்று பார்க்கத் துணிந்த இளைஞர் அவர். எனினும் இலங்கையில் படம்பிடித்தது ஒலியின்றியே. ஓசைகள் அனைத்தும் பின்னர் இலண்டனில் சேர்க்கப்பட்டன. ஆதலால் அந்தப் பெண்கள் கமெராவின் முன் என்ன பேசினார்கள், என்ன பாடினார்கள் என்பது எந்தத் தடத்திலும் இல்லை. இத்தனை விலைகளைச் சொல்லும் படத்தில் அவளுடைய நாட்கூலி என்ற ஒரு விலை மட்டும் சொல்லப்படுவதில்லை.

ஹக்ஸ்லி போன்ற வாடிக்கையாளர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. 1948இல் இலங்கை அரசாங்கம் தனது திரைப்படப் பிரிவைத் தொடங்கியபோது வாடிக்கையாளரின் இடத்தில் திணைக்களங்கள் அமர்ந்தன. 1952இல் அங்கு சேர்ந்த லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், வீதிப் பாதுகாப்பைப் பற்றியெல்லாம் படம் எடுத்துக் கொடுத்தார். 1955இல் ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கையும் படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்தவையும் கூட்டிக்கொண்டு வெளியேறினார். அடுத்த ஆண்டு 'ரேகாவ' வந்தது.

தேயிலைப் பிரசாரத்துக்கான வரியும் பழங்கதையாகிவிடவில்லை. 2010இல் ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கிலோவுக்கும் 3 ரூபா 50 சதம் விளம்பரத்திற்கென்று அறவிடத் தொடங்கினார்கள். உலகளாவிய பிரசார இயக்கமோ பல ஆண்டுகள் இழுபட்டது. தோட்டத் தொழிலாளர் 1,000 ரூபா நாட்சம்பளம் கேட்டுப் போராடத் தொடங்கியது 2015இல். அது வர்த்தமானியில் வெளிவந்தது 2021 மார்ச்சில்.

ரைட்டின் படத்தை இன்று இணையத்தில் பார்க்கலாம். மலையகத்தைச் சேர்ந்த வாசகர்கள் மூன்றாம் பகுதியைச் சற்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அந்த முகங்களுள் உங்கள் பாட்டியோ பூட்டியோ இருக்கலாம்.